உபகாரச் சம்பளமா, உரிமைப் பணமா?

மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, உங்கள் ஊர் வங்கியின் வாயிலில் சற்று நேரம் நின்று பாருங்கள். சலவைச் சட்டையும் கைக்குடையுமாக வருகிறார் ஒருவர். முப்பதாண்டுக் காலம் கருவூலத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால் இருமிக்கொண்டே வருகிறார் மற்றொருவர். பஞ்சாலையில் நூல் நூற்று நூல் நூற்று, நெஞ்சிலே பஞ்சைச் சேர்த்துக்கொண்டு வெளியேறியவர். கூட்டம் குறையட்டும் என்று படியோரத்தில் குந்தியிருக்கிறாள் ஒரு மூதாட்டி. நாற்று நட்டு, களை பறித்து, கதிரறுத்து, குனிந்த முதுகு நிமிராமலே முதுமை எய்தியவள். மூவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: "பென்ஷன் வந்துவிட்டதா?"

சொல் ஒன்று, பொருள் மூன்று. கருவூலக் கணக்கர் பெறுவது, அவர் கடைசியாக வாங்கிய ஊதியத்தில் பாதி. விலைவாசி ஏறினால் அதற்கேற்ற படியும் உண்டு. ஆலைத் தொழிலாளி பெறுவது, அவருடைய கூலியிலும் முதலாளியின் கணக்கிலும் பிடித்துவைத்த பணத்தின் பேரால் வரும் தொகை. விலைவாசி விண்ணை முட்டினாலும் அது அசையாது. மூதாட்டி பெறுவது, "ஆதரவற்றவள்" என்று கிராம நிர்வாக அலுவலர் முதல் வட்டாட்சியர் வரை கையொப்பமிட்டுச் சான்று கூறிய பிறகு கிடைக்கும் உதவித் தொகை. முதலாமவருக்கு நீதிமன்றம் துணை நிற்கிறது. இரண்டாமவருக்கு ஒரு சட்டம் அரைகுறையாகத் துணை நிற்கிறது. மூன்றாமவளுக்குத் துணை நிற்பது எது? ஓர் அரசாணை! ஒரு பேனா எழுதியதை இன்னொரு பேனா அடித்துவிடலாம்.

இந்த வேறுபாட்டை நாம் அறிந்திருக்க வேண்டும். அறியாமல் மேடையேறி "பென்ஷனை உயர்த்து!" என்று முழங்கினால், எந்தப் பென்ஷனை, எவருடைய கருவூலத்திலிருந்து, எந்தச் சட்டத்தின்படி என்று எதிரே இருப்பவர் கேட்கும்போது விழிக்க நேரிடும். அதைவிடக் கேடு ஒன்றுண்டு. நம்மை நம்பி வந்து நிற்கும் முதியவரைத் தவறான வாசலுக்கு அழைத்துச் சென்று, ஆறு மாதம் அலைய விட்டுவிடுவோம். அவருக்கு ஆறு மாதம் என்பது சிறிய காலமன்று.

பழைய தமிழில் பென்ஷனுக்கு ஒரு பெயர் இருந்தது: உபகாரச் சம்பளம். நம் பாட்டனார் காலத்தில் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கும் உதவிப் பணத்துக்கும் அதே பெயர். சொல்லைக் கவனியுங்கள். உழைத்தபோது கொடுத்தது சம்பளம். உழைத்து ஓய்ந்தபின் கொடுப்பது உபகாரம்! துரை மனமுவந்து அளிப்பது. துரைக்கு மனம் மாறினால் நிறுத்திக்கொள்ளலாம். வெள்ளை ஆட்சியின் மனப்பான்மையை இந்த ஒரு சொல் படம்பிடித்துக் காட்டுகிறது. வெள்ளையன் போனான்; சொல்லின் வாடை போக நெடுங்காலம் பிடித்தது.

1982 டிசம்பர் 17 அன்றுதான் உச்சநீதிமன்றம் அந்த வாடையைத் துடைத்தது. பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்ற நகாரா என்பவர் தொடுத்த வழக்கு அது. 1979 மார்ச் 31 என்று ஒரு நாளைக் குறித்து, அன்றும் அதற்குப் பின்னும் ஓய்வு பெற்றோருக்கே புதிய கணக்கு, முந்தியோருக்குப் பழைய கணக்கு என்று அரசு கோடு கிழித்திருந்தது. ஒரே அலுவலகத்தில், ஒரே நாற்காலியில் அமர்ந்து உழைத்த இருவரை ஒரு நாள்காட்டித் தாள் பிரிக்கலாமா? தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐவர் அமர்ந்த ஆயம், பிரிக்கலாகாது என்றது. நீதிபதி தேசாய் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: ஓய்வூதியம் எசமானன் இடும் கொடையன்று, கருணையன்று, செய்த பணிக்கு ஈடாகப் பின்னால் வந்துசேரும் உரிமை, முதுமையில் மனிதன் மானத்தோடு வாழ வகுத்த சமூக நீதி ஏற்பாடு. அந்நாளை ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடத் தகுந்த நாள்தான்.

ஆனால், அந்த வெற்றிக்குப் பின்னும் ஒரு பின்வாங்கல் நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பிறகு பணியில் சேர்ந்தோருக்கும், மத்திய அரசில் 2004 சனவரி முதல் நாளுக்குப் பிறகு சேர்ந்தோருக்கும் (படைவீரர் நீங்கலாக) பழைய ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. ஊழியர் ஊதியத்திலிருந்து நூற்றுக்குப் பத்துப் பிடித்து, அரசும் தன் பங்கைச் சேர்த்து, அந்த நிதியில் என்ன தேறுகிறதோ அது உனக்கு என்றார்கள். பணம் போடுவது உறுதி. பணம் வருவது சந்தையின் சித்தம்! ஆசிரியரும் அரசு ஊழியரும் தெருவில் இறங்கினார்கள். 2019 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த வேலைநிறுத்தம் தோழர்களுக்கு நினைவிருக்கும். கடைசியில் டில்லி சர்க்காரும், ஓராண்டுச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி என்னும் திட்டத்தை 2025 ஏப்ரல் முதல் கொண்டுவர நேர்ந்தது. இருபத்தைந்தாண்டுப் பணி வேண்டும், ஊழியரும் பணம் கட்ட வேண்டும் என்ற முட்கள் அதில் உண்டு. எனினும், அரை ஊதியம் என்ற கொள்கையைக் கேலி பேசியவர்களே அதற்குத் திரும்பி வந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஆலைத் தொழிலாளியின் பணத்துக்கு வருவோம். அதற்கு ஜெர்மனி வரை ஒரு நடை போய்வர வேண்டும்.

உலகில் தொழிலாளிக்கு முதுமைக் காப்பீடு தந்த முதற் பெரும் சட்டம், 1889-இல் ஜெர்மனியில் பிறந்தது. தந்தவர் யார்? பாட்டாளிகளின் தோழரா? அல்லர்; பிஸ்மார்க்! 1878-இல் சோஷலிஸ்டுகளின் கூட்டங்களையும் ஏடுகளையும் தடைசெய்து, தொண்டர்களை ஊர் ஊராக விரட்டியவர் அவர். ஒரு கையில் தடி. மறு கையில் தேன்கிண்ணம். 1883-இல் நோய்க் காப்பீடு, 1884-இல் விபத்துக் காப்பீடு, 1889-இல் முதுமைக் காப்பீடு. தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு. வயது எழுபது! எழுபது வரை உயிரோடிருக்கும் தொழிலாளி எத்தனை பேர் என்பது பிஸ்மார்க்குக்குத் தெரியாததன்று. தேனை நக்கித் தொழிலாளி சோஷலிஸ்டை மறந்துவிடுவான் என்பது அவர் போட்ட கணக்கு. நடந்ததென்ன? 1890 பிப்ரவரித் தேர்தலில் எல்லாக் கட்சிகளையும்விட மிகுதியான வாக்குகளைச் சோஷலிஸ்டுகள் பெற்றார்கள். மார்ச்சில் பிஸ்மார்க் பதவியிழந்தார். கொடுத்ததை வாங்கிக்கொண்ட தொழிலாளி, கொடுக்க வைத்தவர் யார் என்பதையும் அறிந்திருந்தான்.

அந்த வழியில் வந்ததே நம் ஆலைத் தொழிலாளியின் பென்ஷன். 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1995 நவம்பர் 16 முதல் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி கட்டுவது முழுவதும் அவர் வைப்பு நிதிக்குப் போகிறது. முதலாளி கட்டும் பங்கிலிருந்து நூற்றுக்கு 8.33 ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. மத்திய அரசு 1.16 சேர்க்கிறது. கணக்கு எளிது. ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி, எழுபதால் வகுக்க வேண்டும். 12,000 ரூபாய் ஊதியத்தில் பதினெட்டாண்டு உழைத்தவருக்கு 3,085 ரூபாய்ச் சொச்சம். 2014 செப்டம்பரில் ஊதிய வரம்பை 15,000 என்று வகுத்தார்கள். அதன்படி முப்பத்தைந்து ஆண்டு உழைத்தாலும் 7,500-ஐத் தாண்டுவது அரிது. பத்தாண்டுப் பணி நிரம்பாவிடில் மாத ஓய்வூதியமே கிடையாது. ஐம்பத்தெட்டு வயதுக்கு முன்னே கேட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வெட்டு. குறைந்த அளவு ஓய்வூதியம் ஆயிரம் ரூபாய் என்று 2014-இல் வகுத்தார்கள். அந்த ஆயிரத்தை உயர்த்தக் கோரித் தலைநரைத்த தொழிலாளர்கள் டில்லி வீதியில் அமர்ந்தார்கள்.

இங்கே தோழர்கள் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. ஆலை மாறி ஆலை போன தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆலையிலும் ஒரு கணக்கு எண். பழைய எண்ணைப் புதியதோடு இணைக்காமல் விட்டதால், இங்கே ஆறு, அங்கே ஏழு என்று ஆண்டுகள் சிதறி, பத்து நிரம்பவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் ஏராளம். பணம் கட்டியவரே பென்ஷன் இல்லை என்று திரும்புவதைப் போன்ற கொடுமை வேறில்லை. நம் தொழிற்சங்க அலுவலகங்களில் இதற்கென்று ஒரு மேசை போட்டால், ஊர்வலம் பத்து நடத்தியதற்கு மேலான பயன் கிடைக்கும். ஊர்வலம் வேண்டாமென்று சொல்லவில்லை; மேசையும் வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது வகைக்கு, மூதாட்டியின் பணத்துக்கு, வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ஏழை முதியவரை 1834-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏழைகள் விடுதியில் அடைத்தார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். வறுமையைக் குற்றமாகவும் விடுதியைச் சிறையாகவும் ஆக்கிவைத்தார்கள். 1908-இல் ஆஸ்க்வித் அமைச்சரவையில் நிதியமைச்சராயிருந்த லாயிட் ஜார்ஜ் முன்னின்று நிறைவேற்றிய சட்டம், எழுபது வயதைக் கடந்த ஏழைக்கு வாரம் ஐந்து ஷில்லிங் தந்தது. பணம் கட்டியிருக்க வேண்டியதில்லை. 1909 சனவரி முதல் நாள், முதியவர்கள் தபாலாபீசுக்கு நடந்துபோய் அந்த ஐந்து ஷில்லிங்கைக் கையில் வாங்கினார்கள்.

ஆனால், அந்தச் சட்டத்திலும் ஒரு சோதனை இருந்தது. வருமானம் எவ்வளவு என்று பார்த்ததோடு நிற்கவில்லை, ஒழுக்கத்தையும் பார்த்தார்கள்! வேலை செய்ய மனமில்லாமல் திரிந்தவனா? ஏழை நிவாரணம் வாங்கியவனா? சிறை சென்றவனா? அப்படியானால் இல்லை போ! பசிக்கு ஒழுக்கச் சான்றிதழ் கேட்ட விந்தை அது. கொடுக்கப் பணம் வேண்டுமே என்று மறு ஆண்டு லாயிட் ஜார்ஜ் நிலப்பிரபுக்கள் மீதும் பெருஞ்செல்வர் மீதும் வரி போட்டபோது, பிரபுக்கள் சபை வரவு செலவுத் திட்டத்தையே நிராகரித்தது. 1911-இல் அந்தச் சபையின் பல்லைப் பிடுங்கும் சட்டம் வந்த பிறகே ஓய்ந்தது போர். ஏழைக்கு ஐந்து ஷில்லிங் கொடுக்க ஓர் அரசியலமைப்புப் போரே நடத்த வேண்டியிருந்தது!

நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 41-ஆவது விதி, முதுமையிலும் நோயிலும் உடற்குறையிலும் வேலையின்மையிலும் அரசின் உதவி பெறும் உரிமைக்கு வழிசெய்யுமாறு அரசுக்குக் கட்டளையிடுகிறது. அழகான விதி. ஆனால் "அரசின் பொருளாதார வலிமைக்குட்பட்டு" என்ற பொருள்பட ஒரு வாலும் அதற்கு உண்டு. 37-ஆவது விதியோ, இதை நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாது என்கிறது. கொடு என்றும் சொல்லி, கேட்காதே என்றும் சொல்லும் ஏற்பாடு.

கேட்க முடியாத அந்த உரிமைக்கு மாநிலங்களே முதலில் செவி சாய்த்தன. 1957-இல் உத்தரப்பிரதேசம், 1960-இல் கேரளமும் ஆந்திரமும், 1962-இல் நம் சென்னை இராஜ்யம். மாதம் 20 ரூபாய். மணியார்டராகத் தபால்காரர் கொண்டுவந்தார். பிறகு பட்டியல் நீண்டது. 1974-இல் உடல் ஊனமுற்றோர், 1975-இல் ஆதரவற்ற விதவையர், 1981-இல் விவசாயத் தொழிலாளர், 1986-இல் கணவனால் கைவிடப்பட்ட பெண்கள், 2008-இல் ஐம்பது வயது கடந்தும் மணமாகாத ஏழைப் பெண்கள். ஆட்சிக்கு ஆட்சி கட்சி மாறிற்று. பட்டியலைக் கிழித்தெறிய எவரும் துணியவில்லை. ஏன்? கிழித்தால் அடுத்த தேர்தலில் கிழவிகள் கிழித்துவிடுவார்கள்! 2011-இல் 500 ரூபாய் ஆயிரமாயிற்று. அதன்பின் பன்னிரண்டாண்டு அது அசையவில்லை. 2023 ஆகஸ்டில் 1,200 ஆயிற்று. மாற்றுத் திறனாளிகளுக்கு அதே ஆண்டு சனவரியில் 1,500 ஆயிற்று. பன்னிரண்டாண்டில் இருநூறு என்பது பெருமை பேசத்தக்க உயர்வன்று. நம்மிடையே ஒளிவு மறைவு எதற்கு?

டில்லியின் கணக்கைப் பார்த்தாலோ, அந்த இருநூறும் மலையாகத் தோன்றும். 1995 ஆகஸ்டு 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கியது. அறுபத்தைந்து வயதைக் கடந்த வறியோருக்கு மாதம் 75 ரூபாய். 2006-இல் அது 200 ஆயிற்று. 2011-இல் வயதை அறுபதாகக் குறைத்தார்கள். எண்பதைத் தாண்டினால் 500 என்றார்கள். விதவைக்கும் கடும் உடற்குறையுடையோருக்கும் 2009-இல் 200, 2012-இல் 300. அவ்வளவுதான்! அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வரை உள்ள முதியவருக்கு டில்லி தரும் பங்கு, 2006-இல் நின்ற இடத்திலேயே 2025-26 நிதிநிலை அறிக்கை வரை நின்றது. முப்பது நாளால் வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 6 ரூபாய் 67 காசு! ஒரு வேளைத் தேநீருக்குக் காணாது. நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியும் காது கேட்கவில்லை. 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றமும், ஓய்வூதியத் தொகையை நடைமுறைக்கு ஒத்துவரும்படி மறுபரிசீலனை செய்க என்றது. அப்போதும் காது கேட்கவில்லை.

தொகைதான் இப்படியென்றால், தலைக்கணக்கும் அப்படியே. இத்திட்டத்தில் முதியோருக்கென்று டில்லி வகுத்த எல்லை ஏறத்தாழ 2 கோடியே 21 இலட்சம் பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் அறுபது வயது கடந்தோர் பத்துக் கோடிக்கு மேல்! எல்லைக்கு அப்பால் நிற்பவருக்கு மாநிலம் தன் கருவூலத்தைத் திறக்க வேண்டும். எல்லைக்கு உட்பட்டவருக்கும் 1,200-இல் ஆயிரம் மாநிலத்தின் பணம். ஆனால் திட்டத்தின் நெற்றியில் எழுதியிருப்பது டில்லியின் பெயர்.

"எல்லாருக்கும் கொடுக்கப் பணம் ஏது?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், பதில் நம்மிடம் உண்டு. 2024-25-இல் இந்தச் சமூக உதவித் திட்டம் முழுமைக்கும் டில்லி ஒதுக்கியது 9,652 கோடி ரூபாய். 2019 செப்டம்பரில் பெருங்கம்பெனிகளின் வருமான வரியை நூற்றுக்கு முப்பதிலிருந்து இருபத்திரண்டாகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1,45,000 கோடி வருவாய் குறையும் என்று அரசே சொல்லிற்று. வகுத்துப் பாருங்கள்: ஓராண்டு விட்டுக்கொடுத்தது, முதியோர்க்கும் விதவையர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் ஒதுக்கியதைப் போல் பதினைந்து பங்கு! ஆனைக்குக் கரும்புத் தோட்டத்தையே திறந்துவிட்டுவிட்டு, எறும்பின் வாயிலிருக்கும் சர்க்கரையைப் பிடுங்கிப் பொருளாதாரம் பேசுகிறார்கள். 2022 சூலையில் பிரதமர் மோடி இத்தகைய உதவிகளை "ரேவடி" என்றார். வடநாட்டில் விழாக் கூட்டத்தில் வாரியிறைக்கும் எள்ளுமிட்டாய் அது. கம்பெனிகளுக்கு வாரியிறைத்தது எந்த மிட்டாய்?

இதற்கு மாற்றாக டில்லி காட்டும் வழி, "நீயே சேமித்துக்கொள்" என்பது. 2015-இல் அடல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. 2019-இல் அமைப்புசாராத் தொழிலாளர்க்கென்று வந்த திட்டத்தில், பதினெட்டு வயதில் சேர்பவர் மாதம் 55 ரூபாய் கட்ட வேண்டும், அரசும் 55 கட்டும். அறுபதில் 3,000 ரூபாய் கிடைக்கும். மூவாயிரம் என்றதும் கண் விரிகிறதல்லவா? எப்போது என்று கேளுங்கள். 2019-இல் பதினெட்டு வயதில் சேர்ந்தவருக்கு 2061-இல்! விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு ஏறினால், அன்றைய 3,000 ரூபாய் 2019-ஆம் ஆண்டின் 260 ரூபாய்க்கு ஈடு. நாற்பத்திரண்டாண்டு பணம் கட்டி, மீண்டும் அந்த இருநூற்றுச் சொச்சத்துக்கே வந்து நிற்கிறான் ஏழை. இன்று வேலையுண்டு, நாளை இல்லை என்றிருக்கும் கொத்தனார் ஒவ்வொரு மாதமும் தவறாமல் கட்ட வேண்டுமாம்!

நம் மாநிலத்தில் வேறொரு வழி கண்டார்கள். 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. பின்னர்ப் பல தொழில்களுக்கு வாரியங்கள் வந்தன. கட்டடம் கட்டுவோரிடம் செலவில் நூற்றுக்கு ஒன்று தீர்வையாக வாங்கி, அந்த நிதியிலிருந்து சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் உதவி. மாளிகை கட்டிக்கொள்பவன் மண் சுமந்தவளுக்கு ஒரு பங்கு தருவது. என் மனத்துக்கு மிக உகந்த ஏற்பாடு இதுவே. காரணம், இதில் யாரும் யாருக்கும் உபகாரம் செய்யவில்லை. ஆனால் ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்து, அறுபது வயதில் கையை விரித்து நிற்பவரைப் பார்க்கிறோமே, அந்தப் பாவத்தில் நம் பங்கும் உண்டு.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பெற்ற மகளிர் உரிமைத் தொகையை எந்த வகையில் சேர்ப்பது? குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு மாதம் ஆயிரம். தொடக்கத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். இது முதுமைக்கன்று, நோய்க்கன்று, விதவை நிலைக்குமன்று. அடுப்படியில் உழைத்த உழைப்புக்கு இதுவரை ஒருவரும் கூலி கணக்கிட்டதில்லை. அதற்கு ஓர் அடையாளம் என்று வைத்துக்கொள்ளலாம். "உரிமை" என்ற சொல்லைத் திட்டத்தின் பெயரிலேயே பொறித்தது பெரிய காரியம். எனினும் உரிமை என்று பெயரிட்டு, ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள் என்று வேலியும் போட்டார்கள். நிதி நிலையை எண்ணிப் போட்ட வேலி என்பதை உணர்கிறேன். ஆனால் வேலியைத் தாண்ட முடியாமல் நின்ற ஏழைப் பெண்கள் மேல்முறையீட்டு வரிசையில் காத்துக் கிடந்ததையும் கண்டிருக்கிறோம்.

வேலி என்றாலே தொல்லைதான். உள்ளே யார், வெளியே யார் என்று தீர்மானிக்க ஓர் அதிகாரி வேண்டும். அதிகாரியை அணுக ஓர் இடைத்தரகன் வந்துவிடுகிறான். "ஆதரவற்ற" என்ற ஒரே சொல்லில் எவ்வளவு கொடுமை அடங்கியிருக்கிறது பாருங்கள்! மகன் இருக்கிறான், ஆனால் சோறு போடவில்லை என்று ஒரு தாய், ஊரார் முன்னிலையில், பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால்தான் அவளுக்குப் பணம். எத்தனை தாய்மார்கள் அதைச் சொல்ல நாணிப் பட்டினி கிடக்கிறார்கள்!

வேலியில்லாமல் கொடுக்க முடியாதா? நம்மைவிட ஏழை நாடான நேபாளத்தைப் பாருங்கள். 1994-இல் மன்மோகன் அதிகாரியின் கம்யூனிஸ்ட் அமைச்சரவை, எழுபத்தைந்து வயதைக் கடந்த எல்லாருக்கும் மாதம் 100 நேபாள ரூபாய் என்று அறிவித்தது. ஏழையா, செல்வரா என்று கேட்கவில்லை. பிள்ளை சோறு போடுகிறானா என்று கேட்கவில்லை. வயது ஒன்றே தகுதி. அந்த அமைச்சரவை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. ஆனால் பின்வந்தவர் எவரும் அந்த நூறு ரூபாயைத் தொடத் துணியவில்லை. தொகை உயர்ந்து உயர்ந்து 2021-இல் 4,000 நேபாள ரூபாயாயிற்று. எல்லாருக்கும் உரியதை எவராலும் பறிக்க முடிவதில்லை. ஏழைக்கு மட்டும் உரியதைப் பறிக்கும்போது, கேட்க நாதியிருப்பதில்லை.

தோழர்களே! நம் தோழர்கள் சிலரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகவேண்டும். மூதாட்டிக்கு ஆணை வாங்கிக் கொடுத்த கையோடு, "நான் வாங்கித் தந்தது" என்று சொல்லி, அவளை நிற்க வைத்துப் படம் எடுத்துத் தெருவெங்கும் காட்டுகிறார்கள். அவளும் கைகூப்பி நிற்கிறாள். அந்தக் கைகூப்பலைக் கண்டு மகிழ்கிறவர், தம்மை அறியாமலே உபகாரச் சம்பளக் காலத்துத் துரையாகிவிடுகிறார். படிவத்துக்குப் பத்து, பரிந்துரைக்கு நூறு என்று எவரேனும் கை நீட்டுவாராயின், அவர் எந்தக் கட்சியின் கொடியைத் தோளில் போட்டிருந்தாலும் அவரை ஊரறியச் சொல்லுங்கள். நம் கொடியாயிருந்தால் முதலில் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் உங்கள் கிளையில் நாலு பேர் உட்கார்ந்து, தெருவாரியாக ஒரு பதிவேடு எழுதுங்கள். அறுபதைக் கடந்தவர் யார். எந்தப் பென்ஷன் வருகிறது, எதுவும் வரவில்லையா. ஆலையில் பணியாற்றியவரா, வாரியத்தில் பதிந்தவரா. தேய்ந்த விரலின் கைரேகை பதியாததால் பணம் நின்றுபோனவர் யார்? குடும்பத்தைத் தாங்கியவர் அறுபது வயதுக்குள் இறந்துபோன வறிய வீடு எது? அந்த வீட்டுக்கு ஒருமுறை உதவியாக 20,000 ரூபாய் தேசியத் திட்டத்தில் உண்டு. கேட்பாரின்றிக் கிடக்கும் தொகை அது. மனு இ-சேவை மையத்தில் பதிவானால் இரசீதை வாங்கி மனுதாரர் கையிலேயே கொடுங்கள், நம் சட்டைப் பையில் வேண்டாம். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பைக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். எழுத்தில் வந்த மறுப்பை எடுத்துக்கொண்டு கோட்டாட்சியரிடம் போகலாம், திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் போகலாம், நூறு மறுப்புகள் சேர்ந்தால் அதுவே சட்டமன்றத்தில் எழுப்பத் தகுந்த கேள்வியாகும். பதிவேட்டின் படியொன்றை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். எந்த ஒன்றியத்தில் எத்தனை பேருக்கு மறுப்பு, என்ன காரணம் சொல்லி மறுப்பு என்பதைத் தொகுக்கும் வேலையை அங்கே தொடங்கலாம்.